பாட்டில் கொடுத்த முதுகு

என் முதுகில் தோள்பட்டைக்குக் கீழே இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. கிணற்றடியில் முதுகு தேய்த்துவிடும்போது நீங்கள் இருவரும் அதைத் தொட்டுப் பார்த்து, அம்மை வடுவா என்று கேட்பீர்கள். உங்கள் அம்மா, “பாட்டு எழுதுனதால வந்தது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் அதைக் கேட்டு நீங்கள் பாட்டு எழுதப் பயந்துவிடக் கூடாது. பெரியவள் பள்ளிக்கூட மலருக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்து என்ன படிப்பது என்றும் என்னைக் கேட்கிறாள். இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்குத் தெரிந்தது இந்த ஒரு சங்கதிதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பு முடித்த வருடம். எழுபதுகளின் தொடக்கம். பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் என் அப்பா குத்தகைக்கு நெல் வைத்திருந்தார். தை பிறந்தால் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு கரும்பு போடப்போவதாக நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். ஆகவே தைக்குள் நான் ஏதாவது ஒன்றாக ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதே நிலத்தில் நான் கூலிக்குக் கரும்பு வெட்டுவேன். இதை வீட்டில் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் உள்ளங்கையைப் பார்த்தார். அதிலேயே தெரிந்தது.

என்ன ஆகலாம் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு யோசனை இருந்தது. என் மாமா டவுனில் பஞ்சாலையில் இருந்தார். அங்கே சேர்த்துவிடுவதாகச் சொன்னார். கூட்டிக்கொண்டும் போனார். கேட்டில் நின்றோம். மத்தியானம் திரும்பி வந்தோம். வில்லியனூரில் டைப் கற்றுக்கொள்ளப் போனேன். என் விரல்கள் நாற்று நட்ட விரல்கள். ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் கூட வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பென்ஷன்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்கிற ‘சொல்தா’ என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் என்னை நிறுத்தி வைத்து மார்பைத் தட்டிப் பார்த்து, “நீ பிரான்சுல பொறந்திருந்தா ஆயிருப்பே” என்றார். அந்த வழியும் அத்தோடு முடிந்தது.

எனக்கோ கவிஞன் ஆக வேண்டும். வெறும் கவிஞன் இல்லை. ஞானம் பாடும் கவிஞன். ஊர் நூலகத்தில் இருந்த பழைய பாட்டுப் புத்தகங்களைப் படித்ததில், உடம்பு ஒரு பை, அதை வெறுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்று புரிந்துகொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து உடம்பை வெறுப்பேன். பதினேழு வயது. காலையில் கூழும் மத்தியானம் சோறும் ஊற்றினால் எதற்கும் எதிர்த்துப் பேசாத உடம்பு. வெறுக்கக் காரணம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் முயற்சி செய்தேன். தாடி வளர்க்கவும் முயற்சி செய்தேன். வரவில்லை.

கூடப் படித்தவன் ஒருவன் புதுச்சேரியில் ஐ.டி.ஐ.க்கு மனுப் போட்டான். அவனுக்குத் துணையாகப் போய் நானும் ஒன்று போட்டேன். எந்தத் தொழில் என்று எழுதும் இடத்தில் அவன் எழுதியதையே எழுதினேன். அதற்குப் பிறகு அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். ஞானம் பாடுகிறவனுக்கு வேலை நிறைய.

அந்த ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குச் செடல் திருவிழா. செடல் உங்களுக்குத் தெரியும். வேண்டுதல் உள்ளவர்கள் முதுகுத் தோலில் முள் மாதிரி கொக்கி மாட்டி, அதில் கயிறு கட்டி, தேரையோ டிராக்டரையோ இழுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். திருவிழாவுக்கு முன்னால் ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகக் கொடுப்பார்கள். அந்த வருடம் நோட்டீசின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சிவிட்டது. சும்மா விட்டால் அச்சகத்துக்காரர் எண்ணெய்க்கடை விளம்பரம் போட்டுவிடுவார் என்று தர்மகர்த்தாவுக்குப் பயம். அவர் என்னைக் கூப்பிட்டு, “நீ இன்னாவோ எழுதறியாமே, அம்மா மேல நாலு வரி குடு. இதோ, இந்த அளவு” என்று இரண்டு விரல்களை வைத்துக் காட்டினார்.

இரண்டு விரல் அளவுக்கு எழுதினேன்.

எலும்பும் தோலும் உனக்கே அம்மா
இழுக்கச் சொன்னால் இழுப்பேன் தேரை
முதுகைத் தந்தேன் முள்ளைப் பூட்டு
முடியாதென்றால் நான் உன் மகனோ?

ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுதியது. மூன்றாவது வரி வந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதைத்தான் ஞானம் என்று நினைத்தேன். சாயங்காலக் காற்றாகவும் இருந்திருக்கலாம்.

நோட்டீஸ் வந்தது. பாட்டுக்குக் கீழே என் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் போட்டிருந்தார்கள். ஊரில் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வழிவிட்டார்கள். ஒரு அத்தை, “சின்ன வயசுல இன்னா தைரியம் பாரு” என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி எடுத்தாள். டீக்கடையில் ஒருவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பாட்டு எழுதியவனைத் தட்டிக் கொடுப்பது வழக்கம்தான். அவர் கொஞ்சம் அழுத்தி, தோலைக் கிள்ளியும் பார்த்தார். பாட்டை ரசிக்கிற ஊர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

காப்புக் கட்டும் நாள் வந்தது. செடல் போடுகிறவர்களுக்குக் கையில் மஞ்சள் துணியைக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் வேண்டுதல் முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நான் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பூசாரி, “எங்கப்பா நம்ம பாட்டுக்காரன்? வா வா” என்றார். பாட்டுப் படிக்கச் சொல்கிறார் என்று நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு போனேன். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். கட்டிவிட்டார்.

“எனக்கு எதுக்குங்க?” என்றேன்.

“முதுகைத் தந்தேன்னு சொன்னியே.”

“அது பாட்டுங்க.”

“பாட்டுதான். யாரு பாடுனது? நீதானே? கீழ ஒன் பேரு போட்டிருக்குது, ஒங்க நைனா பேரு போட்டிருக்குது.”

“பாட்டுல அப்படித்தான் எழுதுவாங்க. நெசமா இல்ல.”

இதைச் சொன்னதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தர்மகர்த்தா முன்னால் வந்தார். கோபமில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். “ஏம்பா, அம்மா நோட்டீசுல நெசம் இல்லாததையா எழுதுவாங்க? அதுல இருக்குது பாரு, வெள்ளிக்கிழம கஞ்சி ஊத்தறதுன்னு. நாங்க ஊத்தப்போறோமா இல்லியா? சனிக்கிழம கூத்துன்னு போட்டிருக்குது. கூத்து உண்டா இல்லியா? நீ எழுதுனது மட்டும் எப்பிடி இல்லாம போவும்?”

இன்றைக்கு வரைக்கும் அதற்கு நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. தெரிந்தால் பெரியவள் சொல்லலாம்.

அடுத்த நாள் தபால்காரர் ஐ.டி.ஐ. அட்டையைக் கொண்டுவந்தார். நேர்முகத் தேர்வு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. செடல் அதே வெள்ளிக்கிழமை, பிற்பகல். கையில் காப்பு. எல்லை தாண்டக் கூடாது.

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போயே ஆவணும்” என்றார்.

அம்மா, “காப்பு கட்டுன கையோட எல்லைய தாண்டுனா அம்மா வூட்டுக்குள்ள வந்துடுவா” என்றாள். அம்மை போட்டுவிடும் என்று அர்த்தம். என் அண்ணன் ஒருவன் அப்படித்தான் போனான், நான் பார்த்ததில்லை. அம்மா அவனைப் பற்றிப் பேசியதே கிடையாது. இப்போதும் பேசவில்லை. ஆனால் அவள் குரல் அவனைப் பற்றியதாக இருந்தது.

“இந்த சீட்டு போனா அடுத்த வருஷம் நெலமும் இல்ல, சீட்டும் இல்ல” என்றார் அப்பா.

“புள்ள இருக்கணுமில்ல, சீட்டுல ஒக்கார?”

இருவரும் சொல்வது சரியாக இருந்தது. அது அப்பாவுக்குப் பழக்கமில்லை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

கோயிலில் நியாயம் பேசினார்கள். காப்பை அவிழ்த்துவிடலாமா என்று அப்பா கேட்டார். பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். ஐ.டி.ஐ.க்கு ஒரு மனு எழுதித் தேதியை மாற்றச் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். சொல்தா, பிரெஞ்சுக்காரன் காலத்தில் மெய்ரிக்கு ஒரு மனு கொடுத்தால் போதும், நடந்துவிடும் என்று ஆரம்பித்தார். மெய்ரி என்றால் அந்தக் காலத்து ஊராட்சி ஆபீஸ். அவரை உட்கார வைத்தார்கள். “ஆபீசர இங்க வரச் சொன்னா இன்னா? கஞ்சி ஊத்தறோம், சாப்ட்டு போவட்டும்” என்று இன்னொருவர் கேட்டார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடைசியில் தர்மகர்த்தா பூசாரியிடம் கேட்டார். “செடல மத்தியானத்துக்கு அப்பறம்தான் போடணும்னு இருக்குதா?”

பூசாரி ரொம்ப நேரம் யோசித்தார். “அப்பிடி யாரும் சொல்லல. எல்லாரும் மத்தியானத்துக்கு மேலதான் வருவாங்க, அதனால போடறோம்.”

“அப்ப இவன் விடியக்காலையில போட்டுட்டு, காப்ப அவுத்துட்டு, எட்டு மணி பஸ்ஸ புடிக்கட்டும்.”

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. முதுகு அம்மனுக்கு, நேரம் ஐ.டி.ஐ.க்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது குளத்தில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு நின்றேன். முள் பூட்டுகிறவர் கடலூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்சில் வந்து இறங்கினார். வெற்றிலை போட்டபடி என்னைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தார்.

“நீதான் பாட்டு எழுதுனவனா?”

“ஆமாங்க.”

“எத்தன வரி?”

“நாலு.”

“நல்லவேள. இன்னும் நாலு எழுதியிருந்தா லாரி.”

அதற்குள் ஒரு சிக்கல். எனக்கு என்று பேசி வைத்திருந்தது டிராக்டர். டிராக்டர்காரர் சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் வயலில் உழுதுகொண்டிருந்தார். சின்னத் தேருக்கு இன்னும் பூ ஜோடிக்கவில்லை. எதை இழுப்பது? அப்பா திரும்பிப் பார்த்தார். பஸ்சுக்குப் போவதற்காக அவர் கொண்டுவந்து நிறுத்தியிருந்த சைக்கிள் வேப்பமரத்தடியில் நின்றது. கேரியரில் என் சர்டிபிகேட் பை.

“சைக்கிள் ஆவுமா?” என்று அப்பா கேட்டார்.

பூசாரி முள் பூட்டுகிறவரைப் பார்த்தார். முள் பூட்டுகிறவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “சக்கரம் இருக்குது இல்ல? கட்டு.”

சைக்கிள் ஹேண்டில்பாரில் வேப்பிலைக் கொத்தும் எலுமிச்சம்பழமும் கட்டினார்கள். மஞ்சள் தெளித்தார்கள். பையை எடுத்துவிடலாமா என்று அம்மா கேட்டாள். “இருக்கட்டும், அதுக்காவத்தானே எல்லாம்” என்றார் அப்பா. விபூதியை அள்ளி என் முதுகில் அப்பினார்கள். முள் பூட்டுகிறவர் தோலைப் பிடித்து இழுத்து, “பாட்டு ஒண்ணு சொல்லு” என்றார். நான் யோசிப்பதற்குள் முதல் முள் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் என் நினைவுக்கு எந்த வரியும் வரவில்லை. என் வரிகூட வரவில்லை.

கோயிலைச் சுற்றி இழுத்தேன். பின்னால் அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நடந்து வந்தார். பம்பை அடிக்கிறவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஒரே ஒரு மணியைப் பூசாரி அடித்தார். அதுவும் சைக்கிள் மணியா கோயில் மணியா என்று தெரியாமல் பின்தெரு நாய்கள் குரைத்தன. சைக்கிள் என்றால் லேசு என்று நினைக்காதீர்கள். கோயிலின் மேற்குப் பக்கம் மேடு. அங்கே கயிறு விறைத்தது. உடம்பு ஒரு பை என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு தப்பு என்று அங்கேதான் தெரிந்தது. பை இப்படி வலிக்காது.

இந்த நேரத்தில்தான் ஏதாவது தெரியும், உள்ளே ஒரு வெளிச்சம் வரும் என்று காத்திருந்தேன். நேர்மையாகச் சொல்கிறேன். எட்டு மணி பஸ் சில நாட்களில் எட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும் என்பதுதான் மனதில் இருந்தது. பின்னால் அப்பா மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பிப் பார்க்க முடியாது. அவர் தாழ்ந்த குரலில், “ஆச்சு, ஆச்சு, இந்த மொன திரும்பிட்டா ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மனிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா என்று நான் பிறகும் கேட்கவில்லை.

சன்னதி முன்னால் நின்றோம். முள்ளைக் கழற்றி விபூதியும் மஞ்சளும் வைத்து அழுத்தினார்கள். பூசாரி காப்பை அவிழ்த்தார். அம்மா குனிந்து அந்த மஞ்சள் துணியை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அப்பா ஓட்ட, நான் கேரியரில் உட்கார்ந்தேன். எல்லைக் கல்லைத் தாண்டினோம். வேப்பிலையை அவிழ்க்க மறந்துபோனோம்.

பஸ்சில் உட்கார இடம் இருந்தது. ஆனால் சாய முடியாது. கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் நின்றுகொண்டே போனேன். அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் குதித்தபோது, பக்கத்தில் இருந்த மீன்கூடைக்கார அம்மா, “இன்னா தம்பி, முதுகெல்லாம் மஞ்சளா கீது, கல்யாணமா?” என்று கேட்டாள். “இன்டர்வியூ” என்றேன்.

தேர்வு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் மதிப்பெண்ணைப் பார்த்தார். சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்து, “மோட்டார் சார்” என்றேன். நான் திரும்பியபோது அவர்கள் என் முதுகைப் பார்த்துவிட்டார்கள்.

“சட்டையில என்ன?”

“செடல் சார். காலையில.”

“இன்னைக்குக் காலையிலயா? வேண்டுதலா?”

பொய் சொல்லத் தெரியவில்லை. “இல்ல சார். கவிதை எழுதினேன்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். முழுக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நோட்டீஸ், காப்பு, சைக்கிள் எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் இருந்த வயதானவர் மட்டும் கைக்குட்டையால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார்.

“தம்பி, இங்க கவிதைக்கு டிரேடு கிடையாது” என்றார் நடுவில் இருந்தவர். “ஃபிட்டர் கேட்டிருக்கே. அதுக்கு மார்க் பத்தாது. வயர்மேன் இருக்கு. கம்பத்துல ஏறணும். ஏறுவியா?”

“ஏறுவேன் சார்.”

“சொன்னா செய்வியா?”

ஓரத்தில் இருந்தவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, “அதான் செஞ்சுட்டு வந்திருக்கானே, சார்” என்றார்.

சீட்டு கிடைத்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்திருந்தேன். கோயில் ஒலிபெருக்கியில் யாரோ என் பாட்டைப் படித்தார்கள். மூன்றாவது வரி வந்தது. இந்தத் தடவை உடம்பு சிலிர்க்கவில்லை, வலித்தது. எழுதியபோது அந்த வரி நிஜமில்லை, ஆனால் அழகாக இருந்தது. இப்போது நிஜம். அழகு கொஞ்சம் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. அம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து முதுகில் பூசினாள். “சைக்கிள்தானே இழுத்தேன். அம்மா ஏத்துக்குவாளா?” என்று கேட்டேன். “ஒன்னால முடிஞ்சது அவளுக்குத் தெரியாதா?” என்றாள். பிறகு, “இனிமே எழுதறதுக்கு மின்னாடி எங்கிட்ட ஒருதரம் படிச்சுக் காட்டு” என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் பாட்டுகளில் எது நடக்கும், எது நடக்காது என்று அவளுக்குத்தான் சரியாகத் தெரிந்தது.

தையில் நிலம் போனது. அப்பா அதே நிலத்தில் கரும்பு வெட்டினார். நான் ஐ.டி.ஐ. போய்வந்தேன். கவிஞனாகவும் ஆகவில்லை, ஞானியாகவும் ஆகவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கம்பத்தின் மேல் ஏறி இரண்டு முனையைச் சேர்த்து, கீழே ஒரு தெருவே வெளிச்சமாகும்போது, ஏரிக்கரையில் தேடினேனே, அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வரும். அதை எழுத முயன்றதில்லை. கை இரண்டும் வேலையில் இருக்கும்.

அடுத்த ஆடிக்கும் தர்மகர்த்தா வந்தார். மறுபடியும் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். நான் உஷாராக எழுதினேன். அம்மன் அழகு, அம்மன் கருணை, வேப்பமரம், குளம். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினேன். தர்மகர்த்தா வாங்கிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“எல்லாம் நல்லா இருக்குது. இதுல நீ எங்கப்பா?”

“நான் எதுக்குங்க?”

“பாடறவன் ஒண்ணும் செய்யலன்னா அது இன்னா பாட்டு? ஒனக்கு இன்னா தெரியுமோ அத எழுதேன். கரண்டு வேல கத்துக்கிறியே.”

யோசித்தேன். அம்மாவும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, பரவாயில்லை என்று தலையசைத்தாள். கடைசி வரியை அடித்துவிட்டு, ‘ஆடி வந்தால் உன் வாசலெங்கும் விளக்கு வைப்பேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். எந்த ஆடி, எத்தனை ஆடி என்று எழுத இடம் இல்லை. இரண்டு விரல்தானே.

அதனால்தான் ஒவ்வொரு ஆடியிலும் நான் லீவு போடுகிறேன். கோயில் சீரியல் லைட்டை இந்த வெள்ளிக்குள் கட்டி முடிக்க வேண்டும். பெரியவள் பாட்டு எழுதி முடித்ததும் எனக்கு ஒருதரம் படித்துக் காட்டட்டும். சின்னவன் வந்து ஏணியைப் பிடிக்கட்டும்.